பென்ட்லி ஃபார் மென் இன்டென்ஸ்: முதல் லெதர் சென்ட்டா வாங்கலாமா?

இரவுப்பறவை:
நண்பர்களே ஒரு உதவி. இதுவரைக்கும் நான் போட்டதெல்லாம் லெமன், கடல் காத்து மாதிரி ஃப்ரெஷ்ஷா இருக்கற ஐட்டம்தான். லெதர் வாசனை மேல ரொம்ப நாளா ஆசை, ஆனா டாம் ஃபோர்ட் டஸ்கன் லெதர் மாதிரி விலை கூடின சென்ட் பக்கமெல்லாம் என்னால போகவே முடியாது. தேடிப் பார்த்தா ஆளாளுக்கு பென்ட்லி இன்டென்ஸைத்தான் கை காட்டறாங்க. இன்னைக்கு மதியம் டெஸ்டர் பேப்பர்ல அடிச்சு மோந்தேன், குப்புனு சரக்கு வாடைதான் மூக்குல ஏறுச்சு, லெதரையே காணோம். பேப்பரை சட்டைப்பைல போட்டுட்டு வந்துட்டேன். கார் கம்பெனி பேர்ல வர்றது, விலையும் கம்மி, நம்பி வாங்கலாமா? ஆபீஸுக்கு சரிப்படுமா?

மரப்பிசின்:
ப்ரோ அந்த பேப்பரை தூக்கிப் போட்டுடாதீங்க, இப்ப எடுத்து மோந்து பாருங்க. நீங்க பிடிச்சது ரம், அதுல வேணும்னே வெச்சது, கூட மிளகும் பட்டையும் இருக்கும். இதெல்லாம் சீக்கிரம் பறந்துடற சமாச்சாரம், அரை மணி கழிச்சுதான் சாம்பிராணிப் புகையும் லெதரும் மேல வரும், அதுக்கப்புறம் மணிக்கணக்கா நிக்கும்.

இன்னொண்ணு, தோல்லேர்ந்து எண்ணெய் எடுத்து யாரும் லெதர் சென்ட் பண்றதில்ல. பச்சைத்தோல் நாறும் ப்ரோ, நமக்குப் பிடிச்ச அந்த மணமே பதப்படுத்தும்போது சேர்றதுதான். ரஷ்யாவுல பிர்ச் மரப்பட்டைத் தார் தடவுவாங்க, அந்த புகை வாடைதான் லெதர்னு உலகமே பழகிடுச்சு. பிரான்ஸ்ல கிராஸ் ஊர்க்காரங்க தோல் நாத்தத்தை மறைக்க கையுறைக்கு வாசனை ஏத்தப் போய்தான் சென்ட் தொழிலுக்கே வந்தாங்க. பிர்ச் தார், ஐசோபியூட்டைல் குயினோலின்னு ஒரு கெமிக்கல், லேப்டனம்னு ஒரு செடியோட பிசின், பொதுவா இந்த மாதிரி ஐட்டத்தை வெச்சுதான் லெதரைக் கட்டுவாங்க. இன்டென்ஸ்ல லேப்டனம் நல்லாவே தெரியும், அதனால புது கார் சீட் மாதிரி இருக்கும்னு நினைச்சு வாங்காதீங்க, புகை பிடிச்ச பழைய தோல் ஜாக்கெட் மாதிரி இருக்கும். எனக்கு அதுதான் உயிர்.

பேரைப் பார்த்து சந்தேகமே வேண்டாம். கார் கம்பெனி பேரை லைசன்ஸ் குடுக்குது, பண்றது லாலிக் குழுமம். 2013ல வந்தது, பண்ணினவங்க நதாலி லோர்சோன், லாலிக்கோட என்க்ர் நுவார்ங்கற சென்ட்டும் (2006) அவங்க கைவண்ணம்தான். அந்த கை இதுலயும் தெரியும்.

மல்லிகைக்கொடி:
என் வீட்டுக்காரர் இதைத்தான் மூணு வருஷமா போடறார், அதனால பக்கத்துல இருக்கறவ கதையையும் கேளுங்க. வாசனை நிஜமாவே அருமை, அவரோட ஸ்வெட்டர் காலர்ல ரெண்டு நாள் கழிச்சும் தேனும் புகையும் கலந்த மாதிரி லேசா இருக்கும், மடிச்சு வைக்கும்போது ஒரு தடவை மோந்துட்டுதான் வைப்பேன். ஆனா ஆரம்பத்துல அஞ்சாறு ஸ்ப்ரே அடிச்சுட்டு காருக்குள்ள ஏறுவார், கண்ணாடியும் ஏத்தியிருக்கும், எனக்கு தலைவலியே வந்துடும். கேட்டா "எனக்கு ஒண்ணும் தெரியலையே"ம்பார். போட்டவங்க மூக்கு கொஞ்ச நேரத்துல பழகிடும்ங்க, வாசனை போயிடுச்சுன்னு நினைச்சு மறுபடி அடிக்காதீங்க. ஆபீஸ்னா சட்டைக்குள்ள நெஞ்சுல ஒண்ணு, போதும். வெயில் காலத்துல வேண்டவே வேண்டாம்.

ஸ்ப்ரேகாரன்:
மேல சொன்னதெல்லாம் சரி, ஒண்ணே ஒண்ணு, பாக்ஸ்ல "இன்டென்ஸ்"னு இருக்கான்னு பாத்து வாங்குங்க. வெறும் "பென்ட்லி ஃபார் மென்"னு இருக்கறது ஓ டி டாய்லெட், அதாவது வாசனை எண்ணெய் கம்மியா கலந்த ரகம், இன்டென்ஸ்தான் அதைவிட அடர்த்தியான ஓ டி பர்ஃபம். நான் அவசரத்துல மாத்தி வாங்கிட்டேன், அதுவும் நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் தேடின அந்த கனம் அதுல இல்ல. அஸ்யூர்னு ஒண்ணும் இருக்கு, அது ஃப்ரெஷ் பக்கம். முடிஞ்சா பேப்பரோட நிக்காம கையில அடிச்சு ஒரு நாள் முழுக்க பாருங்க, உடம்பு சூட்டுல இது வேற மாதிரி விரியும்.

இரவுப்பறவை:
மரப்பிசின் அண்ணே, பேப்பரை இப்பதான் எடுத்தேன், ஆறு மணி நேரம் ஆச்சு. ரம் சுத்தமா இல்ல, இனிப்பா ஒரு புகை, அடியில தோல் பெல்ட் மாதிரி ஒரு வாசனை, சட்டைப்பைலயும் ஏறியிருக்கு. இதையா மதியம் வேண்டாம்னு நினைச்சேன்! நாளைக்கு போய் மணிக்கட்டுல ஒரு ஸ்ப்ரே போட்டுட்டு வரேன். அக்கா, ஒண்ணே ஒண்ணுதான், சத்தியமா.