மாரிக்கு முன் வளவில் என்ன வேலை முடிக்க வேண்டும்? முழுக்க இன்ரலொக் கல் போட்டால் சரியா?

திருநெல்வேலி_வளவு

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பெரியம்மாவின் வீட்டுக்குச் சித்திரையில் குடிவந்தோம். அவர்கள் கனடாவில், வீடு ஆறேழு வருஷம் பூட்டிக் கிடந்தது. இரண்டரைப் பரப்பு வளவு. முன்னால் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம், அதன் பெரிய கொப்பு ஒன்று ஓட்டுக்கு மேலே படுத்துக் கிடக்கிறது. பின்னால் மூன்று தென்னை, ஒரு பலா, கிணற்றடியில் முருங்கையும் நாலைந்து வாழையும், மேற்கு எல்லையில் ஒரு பனை. அந்தப் பக்கம் இன்னும் உயிர்த்தடி நட்ட கதியால் வேலிதான், பாதிக் கதியால் பட்டுப்போய் ஊர் நாயெல்லாம் அதுவழியாகத்தான் வந்து போகிறது.

நான் கொழும்பில் மாடிவீட்டில் வளர்ந்தவன், சொந்த வளவில் இதுதான் முதல் மாரி. புரட்டாதி முடியப்போகிறது, வானமும் மூடிக்கொண்டு வருகிறது, எதிலிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. மாமரத்தை இப்போது வெட்டலாமா? நாளுக்கு இரண்டு கடகம் சருகு சேருகிறது, எரித்தால் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இழுப்பு வந்துவிடுகிறது. பெரியப்பா போனில் ஒரே பிடியாக நிற்கிறார்: முழுக்க இன்ரலொக் அடித்துவிடு, குப்பையும் இல்லை, சேறும் இல்லை, பாம்பும் இல்லை, காசு நான் அனுப்புகிறேன் என்று. மேசனைக் கூட்டிவந்து விலையும் கேட்டாயிற்று. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை, ஆனால் அவருக்குச் சொல்லக் காரணமும் தெரியவில்லை.

கொடிகாமத்தான்

தம்பி, மாமரத்தில் இப்போது பெரிதாகக் கை வைக்காதீர்கள். கவ்வாத்து செய்வதென்றால் காய் முடிந்த கையோடு, ஆடி ஆவணியில் செய்ய வேண்டும். இப்போது மொட்டை அடித்தால் மழைக்கு ஒரே தளிராகத் தள்ளும், தை மாசியில் பூக்க வேண்டிய நுனியெல்லாம் இலையாகிவிடும், பிறகு அடுத்த கோடைக்குச் சந்தையில்தான் கறுத்தக்கொழும்பான் வாங்க வேண்டும். கூரைக்கு மேலே கிடக்கிற கொப்பு, பட்டுப்போனது, குருவிச்சை என்கிற ஒட்டுண்ணி பிடித்தது, இவ்வளவையும் மட்டும் எடுங்கள். குருவிச்சையின் இலையை மட்டும் பிடுங்கினால் போதாது, அது ஒட்டியிருக்கிற கிளையோடு சேர்த்து, ஒரு முழம் உள்ளே தள்ளி வெட்ட வேண்டும்.

கூலிக்கு வருகிறவர் எப்படி வெட்டுகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பாரமான கொப்பை மேலேயிருந்து மட்டும் அரிந்தால் பாதியில் முறிந்து, அடிமரத்துப் பட்டையை முழநீளத்துக்கு உரித்துக்கொண்டுதான் விழும். அந்தப் புண்ணால் தண்ணீர் இறங்கி மரம் உள்ளால் உக்கும். முதலில் கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அரிய வேண்டும். அங்கிருந்து ஒரு சாண் நுனிப்பக்கம் தள்ளி மேலேயிருந்து அரிந்தால் கொப்பு சுத்தமாகக் கழன்றுவிடும். மிச்சக் குத்தியை அடியில் தெரிகிற மடிப்புக்கு வெளியே வெட்டிவிடலாம். உங்கள் கொப்பு ஓட்டுக்கு மேலே என்றபடியால் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். கரண்ட் வயர் பக்கத்தில் ஓடினால் நீங்களும் வெட்டாதீர்கள், கூலிக்காரரையும் வெட்ட விடாதீர்கள், மின்சார சபைக்கு அறிவியுங்கள்.

பலாவின் அடியையும் ஒருக்கா போய்ப் பாருங்கள். 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது எங்கள் வளவில் நல்ல காய்ப்பிலிருந்த பலா ஒன்று வேரோடு சாய்ந்து குசினி ஓட்டின்மேல் படுத்தது. காற்றைத்தான் எல்லோரும் திட்டினார்கள். உண்மையில் அதற்கு முந்தின வருஷம் மதிலுக்கு அத்திவாரம் வெட்டினபோது ஒரு பக்கத்து வேரையெல்லாம் நாங்களே கொத்திவிட்டோம். மண் ஊறினதும் மரம் எந்தப் பக்கம் பிடித்து நிற்கும்?

தென்னையில் காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை எடுத்தால் போதும். பார்வைக்கு வடிவாக இருக்கும் என்று பச்சை மட்டையையும் சேர்த்து இறக்குகிறார்கள், அது மரத்தின் சாப்பாட்டுக் கோப்பையைப் பறிக்கிற வேலை. தேங்காய் உரித்த பொச்சுமட்டையை எரிக்காமல் வைத்திருங்கள். அடியிலிருந்து நாலைந்து அடி தள்ளிக் கிடங்கு வெட்டி, மட்டையின் உட்பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் போட்டு மூடினால் மாரித் தண்ணீரைக் குடித்துவைத்துக் கோடையில் கொடுக்கும். பசளை போடுவதும் முதல் மழையில் மண் நனைந்த பிறகுதான்.

செவ்வரத்தை

நான் கோண்டாவில். சருகை எரிக்காதீர்கள் தம்பி, அந்த அம்மாவின் இழுப்புக்காக மட்டும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், எவ்வளவு இறைத்தாலும் மண் தண்ணீரைக் கீழே விட்டுவிடும். பிடித்து வைக்க வேண்டுமென்றால் குப்பை சேர வேண்டும். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குப் பூவரசங்குழை, பனையோலை என்று வண்டிகட்டிக் கொண்டுபோய் மண்ணுக்குள் தாழ்த்தார்கள். நாம் வீட்டு வாசலில் சும்மா விழுகிறதைக் கொளுத்திவிட்டு, கடையில் பை பையாகக் கூட்டெரு வாங்குகிறோம்.

ஒன்று மட்டும் கவனம். குழி வெட்டிப் போடச் சொல்வார்கள், அது கோடைக்குத்தான் சரி. மாரியில் குழிக்குள் தண்ணீர் நின்று நாறும், நுளம்பும் வரும். இப்போது மேட்டில் குவியலாகப் போடுங்கள்: ஒரு சாண் சருகு, அதன்மேல் மாட்டெரு, கொஞ்சம் மண், திரும்பவும் சருகு. மேலே பழைய கிடுகு நாலைப் போட்டு மூடுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை புரட்டுங்கள். புரட்டும்போது பெருவிரல் தடிப்பில் வெள்ளையாகச் சுருண்டு கிடக்கிற புழு கண்டால் விடாதீர்கள், தென்னங்குருத்தைத் துளைக்கிற கொம்பு வண்டின் குஞ்சு அது. குருத்து விரியும்போது ஓலை கத்தரிக்கோலால் வெட்டினமாதிரி இருந்தால் அந்த வண்டின் வேலைதான். எங்கள் வீட்டில் நான் புரட்ட மண்வெட்டி எடுத்தாலே கோழிகள் ஓடிவந்து நிற்கும்.

அப்புறம் டெங்கு. போன மாரியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். ரயர் இல்லை, சிரட்டை இல்லை, கூரைப் பீலி துப்புரவு, நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். மனிசன் ஒரு ஏணி கேட்டார். மதில் மேலே கள்ளனுக்கென்று அப்பா காலத்தில் பதித்த போத்தல் அடிகள் இருக்கிறதே, ஒரு அடிக்குள் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர்தான் இருக்கும். டோர்ச் அடித்துக் காட்டினார், நுளம்புப் புழு நெளிந்துகொண்டிருந்தது. எனக்கு எச்சரிக்கையோடு போயிற்று, அடுத்த ஒழுங்கையில் ஒருவரை நீதிமன்றம் வரை இழுத்துவிட்டார்கள். பிறகு போத்தல் அடிக்கெல்லாம் சீமெந்து குழைத்து அடைத்தேன். முட்டை குடம்பியாகி நுளம்பாகப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும் என்பதால் கிழமைக்கு ஒருநாள் பீலி, பூச்சாடித் தட்டு, கோழித் தண்ணீர்ச் சட்டி எல்லாம் பாருங்கள். சட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தை உரஞ்சிக் கழுவ வேண்டும். முட்டை ஓரத்தில் ஒட்டிக் காய்ந்து மாதக்கணக்கில் கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

முருங்கையை இப்போதே ஆள் உயரத்தில் முறித்துவிடுங்கள், காற்றுக்கு அது எப்படியும் முறியத்தான் போகிறது. மழை பிடித்ததும் அடிமரத்தில் கம்பளித் துண்டு ஒட்டினமாதிரி மசுக்குட்டி, அதுதான் மயிர்ப்புழு, கூட்டமாக இருக்கும். பிள்ளைகள் இருந்தால் முதலே காட்டிவையுங்கள். சூள் கொளுத்திச் சுடுவார்கள், பட்டையும் சேர்ந்து வேகும். சவர்க்காரத் தண்ணீர் அடித்துத் தும்புத்தடியால் வழித்துவிடலாம்.

மதில்மேல்_பூனை

இன்ரலொக் பற்றி நான் சொல்கிறேன், போட்டு அனுபவித்தவன். கொக்குவிலில் 2019இல் வாசல் முதல் கிணற்றடி வரை போட்டேன். முதல் வருஷம் சோக்கு. 2020 மார்கழியில் புரெவிப் புயல் வந்தது, வளவுத் தண்ணீர் விறாந்தைப் படி வரை ஏறி நின்றது. றோட்டை இரண்டு தடவை உயர்த்திப் போட்டதில் எங்கள் வளவு பள்ளமாகிவிட்டது, பின்னால் இருந்த வெள்ளவாய்க்காலுக்குக் குறுக்கே யாரோ மதில் கட்டிவிட்டார்கள், மண் குடிக்க வேண்டிய தண்ணீருக்கு நான் மூடி போட்டுவிட்டேன். மேசன் வாட்டம் வைத்தது பக்கத்து வீட்டுப் பக்கம். அந்த மாமியோடு வந்த சண்டை இன்னும் முடியவில்லை.

கணக்கொன்று பாருங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒன்பதாயிரம் லீற்றருக்கு மேல். கார்த்திகையில் ஒரே நாளில் அவ்வளவு பெய்கிற நாளும் உண்டு. இது கூரைத் தண்ணீர் மட்டும். குடாநாட்டில் ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்று, அதுவும் மாரியில்தான் ஓடும். கிணற்றுக்குள் வருவதெல்லாம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் நிலத்துக்குள் இறங்கினதுதான். அதை றோட்டுக்குத் தள்ளிவிட்டுப் பங்குனியில் மோட்டர் காற்றை இழுக்கிறது என்று கத்தினால் யார் பிழை?

ஆனால் கொடிகாமத்து ஐயா மாதிரியான ஆட்கள் கல்லென்றாலே வேண்டாம் என்பீர்கள், அதுவும் சரியில்லை. வாகனம் நிற்கிற இடத்துக்கும் நடைபாதைக்கும் போடட்டும், சேற்றில் யார் உழல்வது. நான் பிறகு இரண்டு பக்கமும் ஒரு முழ அகலத்துக்குக் கல்லைக் கிளப்பி மண்ணாக விட்டேன். பீலித் தண்ணீரைக் குழாயால் கொண்டுபோய்ச் சல்லி நிரப்பின கிடங்கில் விட்டேன், மலசலகூடக் குழிக்கு எட்டத்தில். இப்போது அரை மணித்தியாலத்தில் வற்றிவிடுகிறது. பாம்புக் கதையை நம்பாதீர்கள். மிஞ்சின கல்லை மூலையில் அடுக்கிவைத்தேன், அதற்குள்தான் சுருட்டை குடியிருந்தது.

திருநெல்வேலி_வளவு

எல்லாருக்கும் நன்றி. செவ்வரத்தை அக்கா, எங்கள் மதிலிலும் போத்தல் இருக்கிறது, ஏறிப் பார்த்தேன், இப்போதைக்குக் காய்ந்துதான் கிடக்கிறது. இன்றைக்கே சீமெந்து வாங்குகிறேன். கொப்பு இறக்க ஞாயிறு ஆள் வருகிறார்.

பனை விஷயம் ஒன்று. மேற்கு வீட்டுக்காரர், காற்றுக்கு விழுந்தால் தங்கள் ஓடு போய்விடும், தறித்துவிடுங்கள் என்கிறார். அந்தப் பக்கத்து வேலியையும் என்ன செய்வது?

கொடிகாமத்தான்

பூனைத் தம்பி, நான் கல்லுக்கு எதிரியில்லை, என் வீட்டு வாசலிலும் இருக்கிறது.

பனையை நினைத்தபடி தறிக்க முடியாது, பலாவும் அப்படித்தான், அனுமதி எடுக்க வேண்டும். முதலில் கிராம சேவையாளரிடம் போங்கள். ஆனால் எதற்குத் தறிக்கிறீர்கள்? உச்சி வட்டோடு பட்டுப்போன பனை என்றால் வேறு கதை. பச்சையாக நிற்கிற பனை லேசில் சாயாது. 1964 மார்கழிப் புயலைப் பார்த்த கிழவர்களைக் கேளுங்கள். காவோலையைத் தட்டிவிட்டால் அவர் ஓட்டில் விழ ஒன்றும் இல்லை. அடியில் பனங்கொட்டை கிடந்தால் பொறுக்கி, மணலும் மண்ணும் குவித்து ஒரு பாத்தி போடுங்கள். தைக்குப் பிறகு கிழங்கு கிண்டலாம், கொழும்புப் பிள்ளைகளுக்கு அதைவிட விளையாட்டு வேண்டாம்.

வேலிக்கு ஐப்பசி மழைதான் காலம். பூவரசு, கிளுவை, முள்முருக்கு எதிலாவது கைத்தடிப்பில் ஆள் உயரக் கதியால் வெட்டி, அலவாங்கால் ஒரு முழம் துளை போட்டு நட்டு, மண்ணை இறுக்கி மிதித்துவிடுங்கள். அடி நுனி மாறாமல் பாருங்கள். நடும்போது அயல் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் ஒரு சாண் கதியாலுக்குத் தலைமுறையாக வழக்காடினவர்கள் இருக்கிறார்கள்.

செவ்வரத்தை

மறந்துபோனேன். வேலிக்கரையில் கரட் இலை மாதிரி இலையும் பொடி வெள்ளைப் பூவுமாக ஒன்று நின்றால் அது பார்த்தீனியம். பூக்க முதலே, மண் ஈரமாக இருக்கும்போது கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். வெறும் கையால் பிடுங்கி எனக்கு முழங்கை வரை கடி பிடித்து ஒரு மாதம் கிடந்தேன். பூத்ததைக் குவியலில் போடாதீர்கள், விதை முழுக்க வளவெல்லாம் போகும். வாழைக்கு முட்டுக் கொடுக்கவும் மறக்காதீர்கள், குலை போட்டதற்கு முதலில்.

திருநெல்வேலி_வளவு

முதல் மழை நேற்றிரவு பெய்தது. கொப்பு போன வெள்ளிக்கிழமையே இறக்கியாயிற்று, ஞாயிறு வருகிறேன் என்றவர் முந்தியே வந்துவிட்டார், இரண்டு ஓடு மட்டும் உடைந்தது. கீழ்ப்பக்கம் முதலில் அரியச் சொன்னேன், உனக்கு இதெல்லாம் யார் சொன்னது என்று ஒரு மாதிரிப் பார்த்தார். வேலிக்குப் பத்தொன்பது கதியால் நட்டோம், மேற்கு வீட்டு ஐயா கதிரை போட்டு இருந்து பார்த்தார், பனையைப் பற்றி வாய் திறக்கவில்லை. மகன் அறுபத்திமூன்று பனங்கொட்டை பொறுக்கிப் பாத்தி போட்டிருக்கிறான், முளைத்துவிட்டதா என்று விடிய எழும்பி ஒன்றைத் தோண்டியும் பார்த்துவிட்டான்.

வாசலில் வாகனம் நிற்கிற அளவுக்கு மட்டும் கல் போட மேசனிடம் சொல்லியிருக்கிறேன். பெரியப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. பூனை அண்ணா, அந்த ஒன்பதாயிரம் லீற்றர் கணக்கை அவருக்கு நீங்கள் ஒருக்கா போனில் சொல்ல மாட்டீர்களா?