மஞ்சள் காமாலைக்கு இலவச ஊசியா, முதலில் குடிதண்ணிக் குழாயா?

முதுநகர் செல்வி:
எங்க அக்கா மகனுக்கு 23 வயசு. கடலூர் முதுநகர்ல கேன் தண்ணி குடிச்சே வளர்ந்த பையன். போன மாசம் ஹெபடைடிஸ் ஏ, அதான் அசுத்தமான தண்ணி, சாப்பாடு வழியாப் பரவுற காமாலை வைரஸ், வந்துடுச்சு. முதல்ல காய்ச்சல், சோத்தைப் பார்த்தாலே குமட்டல். நாலஞ்சு நாள்ல கண்ணு மஞ்சளாகி, மூத்திரம் கட்டங்காப்பி நிறத்துல போச்சு. இன்னும் வேலைக்குப் போகலை.

ஆறு வயசுக்குள்ள இந்த வைரஸ் வந்தா, 10 குழந்தையில 7 பேருக்கு எந்த அறிகுறியும் தெரியுறதே இல்லை. பெரியவங்களுக்கு வந்தா கணக்கு அப்படியே தலைகீழ். ஒரு தடவை வந்து போயிட்டா ஆயுசுக்கும் மறுபடி வராது. எங்க தலைமுறை தெரியாமலேயே சின்ன வயசுல வாங்கி முடிச்சுட்டோம். இப்ப வீட்டுக்கு வீடு கழிப்பறை, கேன் தண்ணி. பிள்ளைங்க சின்ன வயசுல தப்பிச்சுடுறாங்க, காலேஜ் ஹாஸ்டலுக்கோ வேலைக்கோ போற வயசுல மாட்டுறாங்க. அரசு தடுப்பூசி அட்டவணையில ஹெபடைடிஸ் பி-ங்கிற வேற காமாலை வைரஸுக்கு ஊசி இருக்கு, ஏ-க்கு இல்லை. சேர்க்கணும்னு கேட்கிறேன்.

மஞ்சக்குப்பம் ராஜா:
நாங்க கெடிலம் ஆத்துல குதிச்சு விளையாடி, தெருக்குழாய்ல வாயை வெச்சுக் குடிச்சு வளர்ந்தோம். காமாலைன்னா கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து குடிச்சு, உப்பு எண்ணெய் இல்லாம பத்தியம் இருந்தா சரியாயிடும். தானா வர்ற எதிர்ப்பு சக்தியை விட்டுட்டு எதுக்கு ஊசி?

முதுநகர் செல்வி:
ராஜா அண்ணே, ஏ வகை பெரும்பாலும் தானாவே சரியாகிடும். கீழாநெல்லி குடிச்சவரும் குடிக்காதவரும் எழுந்து உட்கார்ந்துடுறாங்க. ஆனா சிலருக்குக் கல்லீரல் அப்படியே செயலிழந்து போகுது, வயசு ஏற ஏற அந்த ஆபத்தும் ஏறுது. தெருவே சின்ன வயசுல வாங்கின காலத்துல நீங்க சொல்றது பொருந்தும். இன்னைக்கு 25 வயசுப் பையனை "தானா வரட்டும்"னு விட முடியாது.

வில்லியனூர் குமரன்:
நான் ஊசிக்கு எதிரி இல்லை. ஊசியைக் காட்டிக் குழாயை மறக்கடிக்கிறதுக்கு எதிரி.

டெல்லியில 1955 கடைசியில குடிதண்ணியில சாக்கடை கலந்து 29 ஆயிரம் பேருக்கு மேல காமாலை வந்தது. ரொம்ப வருஷம் அதை ஏ-ன்னுதான் நினைச்சாங்க. சேமிச்சு வெச்சிருந்த ரத்தத்தைப் பின்னாடி சோதிச்சப்போ ஏ இல்லைன்னு தெரிஞ்சது. அது இப்ப நாம ஈ-ன்னு சொல்ற வைரஸ். கர்ப்பிணிகளை அதிகமாக் கொல்றது அதுதான். அதுக்கு நம்ம தடுப்பூசி அட்டவணையில எதுவும் இல்லை. தண்ணி சுத்தமானா ஏ, ஈ, டைபாய்டு, காலரா எல்லாமே அடங்கும்.

எங்க புதுச்சேரி பக்கம் வந்து பாருங்க. அழுத்தம் இல்லாததால வாசல்ல குழி தோண்டி, குழாயை வெட்டி, குழிக்குள்ள குடத்தை இறக்கிப் பிடிக்கிறாங்க. ஒரு முழம் தள்ளிச் சாக்கடை ஓடுது. தண்ணி நின்னதும் குழாய் காலியாகும், விரிசல் வழியா வெளியில நிற்கிற கழிவை உள்ளே இழுக்கும். மேல் வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்சினா இன்னும் மோசம். மறுநாள் காலையில முதல் குடத்துல வர்றது அந்தத் தண்ணி. இதுக்கு எந்த ஊசி போடுறது?

இன்னொண்ணும் யோசிங்க. இப்ப இந்த ஊசி தனியார் கிளினிக்ல மட்டும்தான், ஒண்ணு ஆயிரத்துக்கு மேல. வசதியான வீட்டுப் பிள்ளைங்க மட்டும் போட்டுக்கிட்டா, ஊர்ல வைரஸ் கொஞ்சம் குறையும், ஆனா போகாது. ஏழைப் பிள்ளைங்களுக்கு 5 வயசுல வர வேண்டியது 20 வயசுல வரும். பாதிப்பு அவங்களுக்குத்தான்.

லேப் சாந்தி:
குமரன் சார், அந்தக் கடைசி வாதம் முழுக்கச் சரி. அதனாலதான் எல்லாருக்கும் இலவசமாப் போடணும்னு சொல்றோம். இஸ்ரேல் 1999-ல எல்லாக் குழந்தைகளுக்கும் போட ஆரம்பிச்சு, சில வருஷத்துலயே நோய் 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சது, போடாதவங்களுக்கும் சேர்த்து. அர்ஜென்டினா 2005-ல ஒரு வயசுல ஒரே டோஸ்னு கொண்டு வந்தது. இந்த வைரஸால கல்லீரல் மாற்று சிகிச்சைக்குப் போற குழந்தைகள் அங்கே இல்லாமலே போயிட்டாங்க.

டெல்லி விஷயம் செல்வி சொல்றதைத்தான் உறுதிப்படுத்துது. அவ்வளவு சாக்கடை கலந்தும் பெரியவங்களுக்கு ஏ ஏன் வரலை? எல்லாரும் சின்ன வயசுலயே வாங்கி முடிச்சிருந்தாங்க. இன்னைக்கு அதே சாக்கடை கலந்தா ஏ-யும் சேர்ந்து அடிக்கும். 2024-ல எர்ணாகுளம் பக்கம் வேங்கூர்ல சரியா சுத்திகரிக்காத குழாய்த் தண்ணியால 200 பேருக்கு மேல ஹெபடைடிஸ் ஏ வந்தது. சுகாதாரத்துல முன்னாடி நிற்கிற கேரளாவுலயே.

வில்லியனூர் குமரன்:
கேரளா முழுக்க ஓரளவு ஒரே நிலைமை. இங்கே அப்படியா? ஒயிட் டவுன் பிள்ளையும் மீனவர் குப்பத்துப் பிள்ளையும் ஒரே தண்ணியா குடிக்குது? எல்லாருக்கும் சின்ன வயசுலயே வந்துடுற இடத்துல இந்த ஊசியை அட்டவணையில சேர்க்கத் தேவையில்லைன்னுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது. எந்தத் தெரு எந்த நிலையில இருக்குன்னு ரத்தம் எடுத்து ஆய்வு பண்ணட்டும். ஜிப்மர் மாதிரி பெரிய மத்திய அரசு மருத்துவமனை இருக்கிற ஊர்ல இது முடியாத காரியம் இல்லை. அப்புறம் பணத்தை ஒதுக்கலாம்.

முதுநகர் செல்வி:
ஆய்வு வேணும், ஒத்துக்கிறேன். அதுவரைக்கும் ஹாஸ்டல் மெஸ் சமையல்காரங்க, ஹோட்டல்ல பரிமாறுறவங்க, கல்லூரியில சேர்ற பிள்ளைங்களுக்காவது போடலாமே? கண்ணு மஞ்சளாகிறதுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் முன்னாடியே மலத்துல வைரஸ் போக ஆரம்பிச்சுடுது. நோய்னே தெரியாம அவங்க பரிமாறிக்கிட்டு இருப்பாங்க.

அரியாங்குப்பம் தேவி:
இடையில வர்றேன், மன்னிக்கணும். மாடி வீட்டுப் பையனுக்கு நேத்து ஏ-ன்னு ரிசல்ட் வந்தது. என் பொண்ணுக்கு 4 வயசு, தினமும் அவங்க வீட்டுலதான் சாப்பிடுவா. பிறந்தப்பவே காமாலை ஊசி போட்டிருக்கு. அது போதுமா?

லேப் சாந்தி:
போதாதும்மா. பிறந்தப்போ போட்டது பி-க்கு. கடைசியா அந்த வீட்டுல பழகின நாள்லேருந்து 14 நாளுக்குள்ள ஏ ஊசி போட்டா இன்னும் தடுக்க முடியும். இன்னைக்கே குழந்தை டாக்டரைப் பாருங்க. தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிங்க, கழிப்பறை போய் வந்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க.

வில்லியனூர் குமரன்:
சாந்தி சொன்ன மாதிரி உடனே போட்டுடுங்க. உங்க தெருவுல இன்னும் யாருக்காவது இருக்கான்னு விசாரிங்க. இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துல எழுதிக் கொடுத்து, குழாய்த் தண்ணியில குளோரின் பார்க்கச் சொல்லுங்க. தெருப் பேரைத் தனிச்செய்தியில அனுப்புங்க, நானும் கூட வர்றேன்.