வீட்டில் தாய்மொழி பேச மறுக்கும் கொரியச் சிறுமி: நான் என்ன செய்யலாம்?

நாயுடுபுரத்து வாசகி:
கொடைக்கானலில் எங்கள் மாடிப் பகுதியில் ஒன்றரை ஆண்டாக ஒரு கொரியக் குடும்பம் குடியிருக்கிறது. அவர்களுடைய பத்து வயது மகள் என் மகளோடு விளையாடியே தமிழ் கற்றுக்கொண்டு, இப்போது காய்கறிக் கடையிலும் மருத்துவரிடமும் தாய்க்காகப் பேசுகிறாள். ஆனால் சில மாதங்களாக, தாய் கொரிய மொழியில் கேட்டால் தமிழிலோ ஆங்கிலத்திலோதான் பதில் சொல்கிறாளாம். வகுப்பில் யாரோ மூக்கைப் பொத்தியதால், மதிய உணவில் கிம்ச்சி (காய்கறியைப் புளிக்கவைத்துச் செய்யும் கொரிய ஊறுகாய்) வைக்கக் கூடாது என்றும் அழுதிருக்கிறாள். "மகள் என்னைவிட்டு விலகிப் போகிறாள்" என்று அந்தத் தாய் கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டியபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

பண்ணைக்காட்டுத் தமிழாசிரியர்:
அம்மா, இரு பிள்ளைகளையும் எழுத்தின் வழியாகச் சேர்த்துப் பாருங்கள். கொரிய மொழியிலும் தந்தை 'அப்பா'தான், தாய் 'ஒம்மா'. வினைச்சொல் நம்முடையதைப் போலவே இறுதியில் வரும். கொரிய மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ஹங்குல் என்னும் கொரிய எழுத்தில், நம் ககரம் 'கல்' என்பதில் ஒருவிதமாகவும் 'பகல்' என்பதில் வேறுவிதமாகவும் ஒலிப்பதைப் போலவே, ஒரே எழுத்து இடத்துக்கேற்ப இரண்டு விதமாக ஒலிக்கிறது. இதை வைத்து இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் உங்கள் மகளுக்கு இவற்றைக் கற்பிக்கும் இடத்தில் அந்தச் சிறுமி அமர்ந்தால், தன் மொழியை மறைக்க வேண்டிய தேவை குறையும்.

மும்பையில் வளர்ந்தவள்:
ஆசிரியர் ஐயா சொல்வது நல்லது, ஆனால் எனக்கு உறுத்துவது மருத்துவரைப் பற்றிய வரி. ஒன்பது வயதில் என் தாயின் கட்டியைப் பற்றி மருத்துவர் இந்தியில் சொன்னதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. பயந்துபோய்ப் பாதியை விழுங்கிவிட்டேன். அதன் பிறகு பல நாள்கள் அம்மாவிடம் தமிழில் பேசவே எனக்குத் தொண்டை அடைத்தது, ஏனென்றால் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் அந்த அறையை நினைவூட்டியது. முதலில் அந்தப் பொறுப்பை அவளிடமிருந்து எடுத்துவிடுங்கள். ஆங்கிலம் தெரிந்த பெரியவர் யாராவது உடன் செல்லட்டும்.

கிம்ச்சியைப் பொறுத்தவரை, கொரியாவில் குளிர்காலத்துக்கு முன் அண்டை வீட்டாரும் கூடி அதைத் தயாரித்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை யுனெஸ்கோ 2013இல் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அண்டை வீட்டார் நீங்கள்தானே?

நாயுடுபுரத்து வாசகி:
இருவருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை மருத்துவரிடம் நானே அந்தத் தாயோடு சென்றேன். சிறுமி வீட்டிலேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை முட்டைகோசில் உப்புத் தடவி ஊறவைத்து, மலைப்பூண்டும் இஞ்சியும் மிளகாய்த்தூளும் அரைத்துக் கலந்து, நான்கு பேரும் சேர்ந்து கிம்ச்சி செய்தோம். உப்பு போதுமா என்று தாய் கேட்டதற்கு அவள் தமிழில்தான் பதில் சொன்னாள். ஆனால், தன்னைவிட இரண்டு வயது மூத்த பெண்ணைக் கொரியாவில் எப்படி அழைப்பார்கள் என்று என் மகள் கேட்டபோது, சிறுமி 'ஒன்னி' என்று சொல்லி, என் மகளின் உச்சரிப்பை மூன்று முறை திருத்தினாள். அன்று மாலையிலிருந்து என் மகளை அக்கா என்று அழைக்காமல் ஒன்னி என்றே அழைக்கிறாள்.