விடுமுறை வேதாகமப் பள்ளியை நடத்துபவருக்குச் சந்தோஷம் எங்கே கிடைக்கிறது?

கேள்வி: பாளையங்கோட்டைச் சகோதரி

அனைவருக்கும் தோத்திரம். எங்கள் சபையில் பிள்ளைகளுக்கு நடத்தும் வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளியின் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்பே நடத்தி முடித்துவிட வேண்டும் என்று திட்டமிடுவோம். ஆசிரியர் பயிற்சி, பாடப் புத்தகங்கள், தொப்பி, பேட்ஜ், ஒலிபெருக்கி, பந்தல், பிள்ளைகளை ஏற்றி வரும் வேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் தேடி அலைவதிலேயே பாதித் தெம்பு போய்விடுகிறது. காலை எட்டரை மணிக்கு ஆரம்ப ஜெபமும் பாடல்களும் முடிந்து, பிள்ளைகள் வயதுப்படி வகுப்புகளுக்குப் பிரிந்து போனதும், ரஸ்னா கலக்கும் இடத்துக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் இடையே என் ஓட்டம் தொடங்கிவிடும். மதியம் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்கள். வகுப்பெடுத்த கல்லூரி மாணவிகளும் சிரித்துக்கொண்டே போகிறார்கள். எனக்குத் தலைவலிதான் மிஞ்சுகிறது. ஊழியத்தில் களைப்பு இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. களைப்போடு சேர்ந்து வர வேண்டிய சந்தோஷம் எனக்கு ஏன் வருவதில்லை என்பதுதான் என் கேள்வி. நீண்ட காலம் நடத்தியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் உதவியாக இருக்கும். "பொறுப்பை விட்டுவிடு" என்ற பதிலை வீட்டிலேயே பலமுறை கேட்டுவிட்டேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், சாத்தான்குளம் வட்டாரம்

அன்புத் தங்கைக்குத் தோத்திரம். பிள்ளைகள் வகுப்புக்குப் போனதும் உங்கள் ஓட்டம் தொடங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பள்ளி நடக்கும் நேரம் முழுவதும் நீங்கள் பள்ளிக்கு வெளியே இருக்கிறீர்கள். கல்யாண வீட்டில் உக்கிராண அறைச் சாவியை வைத்திருப்பவர் தாலி கட்டுவதைப் பார்ப்பதில்லை. வாங்குவது, கலக்குவது, கணக்கு எழுதுவது ஆகியவற்றைச் சபையில் பொறுமையுள்ள இருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரே ஒரு வகுப்பையாவது, முதல் நாள் தொடங்கிக் கடைசி நாள் வரை, அதே பிள்ளைகளோடு நீங்களே எடுங்கள். இடையிடையே எட்டிப் பார்ப்பது போதாது. ஒரு பிள்ளை முதல் நாள் வாய் திறக்காமல் இருந்ததையும், போகப் போக பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போடும் அளவுக்குத் தேறியதையும் தொடர்ந்து உடன் இருப்பவர்தான் பார்க்க முடியும்.

எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சிறுவன் தாவீது இராட்சதப் போர்வீரன் கோலியாத்தைக் கவண்கல்லால் வீழ்த்திய பாடத்தில், கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு ஜாணும் என்று வாசித்துவிட்டுப் போய்விடாமல், கோயில் சுற்றுச்சுவரில் அளந்து பார்க்கும்படி பிள்ளைகளிடமே சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்தோம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை வைத்து வைத்து அளந்தான். ஆறு முழமும் ஒரு ஜாணும் முடிந்த இடம் ஏறக்குறைய எட்டடியில்தான் இருந்தது. "இவ்வளவுதானா?" என்று எல்லாருக்கும் ஏமாற்றம். உடனே இன்னொருவன், போர்வீரனைப் பெரியவர் கையால்தான் அளக்க வேண்டும் என்று வாதாடி, தோட்ட வேலை செய்பவரை அழைத்து வந்தான். அவர் கையால் அளந்தபோது கோடு ஏறக்குறைய பத்தடிக்குப் போய்விட்டது, ஏணி தேவைப்பட்டது. பாலர் வகுப்பிலிருந்து ஓடி வந்திருந்த ஒரு சிறுமி அண்ணாந்து பார்த்துவிட்டு, "தாவீதும் ஏணி வெச்சித்தான் அடிச்சானா?" என்று கேட்டாள். ஆசிரியர் கையேட்டில் இதற்கு விடை கிடையாது. நானும் சொல்லவில்லை, கவண் என்றால் என்ன, கல் எப்படிப் பறக்கும் என்று பிள்ளைகளே அவளுக்குக் கைவீசிக் காட்டினார்கள். அன்று ரஸ்னா தாமதமாக வந்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரியவே இல்லை.

பதில்: வேளச்சேரி இளைஞர்

ஐயா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வகுப்பெடுத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. பல சபைகளில் சந்தோஷத்தைத் தின்பது இறுதி நாள் நிகழ்ச்சிதான். பள்ளி தொடங்கிய மூன்றாம் நாளே ஒத்திகை ஆரம்பித்துவிடுகிறது. கதை நேரம் சுருங்குகிறது, கைவேலை நேரம் மறைகிறது, நடனத்தில் கால் தவறிய பிள்ளை பின்வரிசைக்குப் போகிறது. நாங்கள் தனி ஒத்திகையை நிறுத்திவிட்டு, தினமும் பாடிய அபிநயப் பாடல்களையே பெற்றோர் முன் பாடச் செய்தோம். மனப்பாட வசனத்துக்கு முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்பதையும் எடுத்துவிட்டோம். எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறும் பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளையோடு ஓட விடுவதில் எனக்கு ஒருபோதும் உடன்பாடு இருந்ததில்லை. கமிட்டியில் முணுமுணுப்பு எழுந்தது, எழட்டும்.

இன்னொன்று, கணக்கையும் ரஸ்னாவையும் பிறரிடம் கொடுக்கலாம். பாதுகாப்பை மட்டும் பொறுப்பாளர் தம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவரோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, கழிப்பறைக்குச் சிறு பிள்ளைகளைக் கூட்டிப்போக இரண்டு பேர் வேண்டும், யார் வந்து அழைத்துப் போகலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், வெயிலில் விளையாட்டு பத்து மணிக்குள் முடிய வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைப் பற்றித் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி நாளிலேயே சொல்லிவிடுகிறோம். இவை ஒழுங்காக இருந்தால் நடத்துபவர் மனதில் உள்ள படபடப்பு பெருமளவு அடங்கும்.

பதில்: மதுரைக்காரன்

நான் கிறிஸ்தவன் அல்லன். அம்மா வேலைக்குப் போய்விடுவார். வெயிலில் சுற்றாமல் இருக்கட்டும் என்று தெருமுனைச் சர்ச்சில் நடந்த வி.பி.எஸ்.ஸுக்கு என்னை அனுப்பினார். எந்தப் பாடம் நடத்தினார்கள் என்பது மறந்துவிட்டது. மறுநாள் வாசலிலேயே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட அக்காவை மறக்கவில்லை; பள்ளிக்கூடத்தில் எனக்கு வரிசை எண்தான் இருந்தது. என் வீடு போன்ற வீடுகளுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு: என்ன கற்றுக்கொடுக்கிறீர்கள் என்பதைப் பெற்றோரிடம் முதலிலேயே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் அப்படிச் சொன்னார்கள், அதனால்தான் அவர் நம்பி அனுப்பினார்.

பதில்: போதகர் மனைவி, தஞ்சைப் பகுதி

சகோதரிக்கு வாழ்த்துகள். இந்த வேலை எப்படித் தொடங்கியது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். 1898இல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில், மருத்துவர் ஒருவரின் மனைவியான எலைசா ஹாஸ், கோடை விடுமுறையில் போக்கிடம் இல்லாமல் தெருவில் திரிந்த ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளுக்காக இப்படி ஒரு பள்ளியைத் தொடங்கினார். இடம் கிடைக்காததால் ஒரு பீர்க் கடையை வாடகைக்கு எடுத்து நடத்தினார். பிற்பாடு ஆலயத்திலேயே நடத்தும்படி கேட்டுக்கொள்ளப்பட்டபோது பிள்ளைகளின் வரவு குறைந்துவிட்டதாகவும், அவர் பழைய இடத்துக்கே திரும்பிப் போனதாகவும் சொல்வார்கள். 1901 முதல் ராபர்ட் போவில் என்ற போதகர் இதே முறையை அந்நகரின் பல இடங்களுக்குப் பரப்பினார். தொப்பியும் பேட்ஜும் பேரணியும் பின்னால் வந்து சேர்ந்தவை. வெயிலில் நிற்கும் பிள்ளைக்கு ஓர் இடமும் தன்னைக் கவனிக்கும் ஒரு பெரியவரும் வேண்டும் என்பதுதான் முதலில் இருந்தது. எங்கள் சேகரத்தில் (சபை வட்டாரத்தில்) ஒரு வகுப்பைக் கோயில் வளாகத்துக்கு வெளியே, தெருவில் உள்ள வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். செலவு குறைந்தது, அதுவரை வராத பிள்ளைகள் வந்தார்கள், எனக்கும் உற்சாகம் திரும்பியது.

வேதாகமத்தில் நெகேமியா புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்கள் பெலன் என்ற வசனத்தை நாம் பேனரில் அச்சடிக்கிறோம். அதற்கு முந்தைய வரிகளை விட்டுவிடுகிறோம். காலை தொடங்கி மத்தியானம்வரை வேதத்தைக் கேட்டு அழுத மக்களிடம் (நம்முடைய வி.பி.எஸ். நேரமும் அதுதான்) போய்ச் சாப்பிடுங்கள், இல்லாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்றுதான் சொல்லப்பட்டது. சுண்டலும் மோரும் கொடுக்கும் நேரத்தில் பொறுப்பாளரும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

மறுமொழி: பாளையங்கோட்டைச் சகோதரி

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. இம்முறை கொள்முதலையும் கணக்கையும் பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த இருவரிடம் கொடுத்துவிட்டு, கீழ்நிலை வகுப்பை நானே எடுப்பதாகக் குருவானவரிடம் சொல்லிவிட்டேன். இறுதி நாள் ஒத்திகையைக் குறைப்பது மட்டும் எளிதாக நடக்கும் என்று தோன்றவில்லை. மேடையில் தங்கள் பிள்ளையைப் பார்க்கத்தான் பல பெற்றோர் வருகிறார்கள், அதில் இந்துக் குடும்பங்களும் அதிகம். ஒத்திகை இல்லாமல் அவர்களுக்கு எதைக் காட்டுவது?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், சாத்தான்குளம் வட்டாரம்

தங்கையே, வகுப்பில் நடந்ததையே காட்டுங்கள். அந்த ஆண்டு எங்கள் மேடையில் நாடகம் எதுவும் போடவில்லை. பெற்றோரைச் சுற்றுச்சுவர் ஓரமாக அழைத்துப்போய், கோலியாத்தை எப்படி அளந்தோம் என்று பிள்ளைகளையே சொல்ல வைத்தோம். அப்பாக்கள் பலர் தங்கள் கையை வைத்து மறுபடியும் அளந்து பார்த்தார்கள்; கூட்டத்தை மறுபடி பந்தலுக்குள் கொண்டுவருவதுதான் சிரமமாக இருந்தது.