கேரளத்துத் தும்பா ராக்கெட் தளத்தில் தொடங்கிய நோக்கம் இஸ்ரோவுக்கு இன்னும் இருக்கிறதா?

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
சந்திரயான்-3க்குச் சுமார் 615 கோடி. செலவை விடுங்கள், நோக்கத்தைக் கேட்கிறேன். 1975-ல் நாசாவிடம் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்கள் வரை டிவியில் விவசாயமும் சுகாதாரமும் சொல்லிக்கொடுத்தார்கள். நம் விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. இன்றைக்கு நிலவில் இறங்கினால்தான் கைதட்டல். இங்கே போர்வெல் போட்டால் புழுதிதான் பறக்கிறது.

பாலக்கோடு ஆசிரியர்:
அண்ணா, அந்தப் போர்வெல்லுக்கே வருகிறேன். நம் பக்கம் கெட்டிப் பாறை. வெடிப்பு ஓடும் இடத்தில்தான் தண்ணீர். பூமியைப் படமெடுக்க 1988-ல் போன ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோளும் அதற்குப் பின் வந்த செயற்கைக்கோள்களும் எடுத்த படங்களை வைத்து அந்த வெடிப்புகளைக் கோடு கோடாகக் குறித்து நிலத்தடி நீர் வரைபடம் போட்டிருக்கிறார்கள். நாமோ இன்னும் உள்ளங்கையில் தேங்காய் நிமிர்கிறதா என்று பார்த்துப் புள்ளி வைக்கிறோம்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
சரி தம்பி, தர்மபுரிப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறியதே, அந்த ஃப்ளோரைடு தண்ணீருக்கு மாற்றாக வந்தது ஒகேனக்கல் குழாய். ஜப்பான் கடனில் வந்தது. ராக்கெட்டில் இல்லை.

ஓசூர் லேத்து:
குழாயும் வேண்டும், ராக்கெட்டும் வேண்டும் சார். 1963-ல் தும்பாவில் ஏறியது அமெரிக்க ராக்கெட். 1975-ல் ஆரியபட்டாவை ஏற்றியது சோவியத். மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சின் நுட்பம் தருவதாகச் சொன்ன ரஷ்யா, அமெரிக்க நெருக்கடியில் 1993-ல் கையை விரித்தது. நம் சொந்த கிரையோஜெனிக் எஞ்சினில் ஜிஎஸ்எல்வி ராக்கெட் ஜெயிக்க 2014 ஆனது. சந்திரயான்-3ஐ ஏற்றிய அதே ரக ராக்கெட்தான், 2018-ல் எட்டாக்கைப் பகுதிகளின் தகவல்தொடர்புக்காக ஜிசாட்-29ஐயும் ஏற்றியது. நிலவுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று பிரிக்க முடியாது.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
ராக்கெட் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். தம்பி, அந்த நிலத்தடி நீர் வரைபடம் எங்கே கிடைக்கும்?

பாலக்கோடு ஆசிரியர்:
இஸ்ரோவின் புவன் என்ற வரைபட இணையதளத்தில் இருக்கிறது அண்ணா. லிங்க் அனுப்புகிறேன்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
அதைத்தான் தம்பி சொல்கிறேன். அன்றைக்கு ஊர்ப் பொது இடத்தில் டிவியை வைத்து, தெலுங்குக்காரனுக்குத் தெலுங்கில், கன்னடக்காரனுக்குக் கன்னடத்தில் பேசினார்கள். இன்றைக்கு லிங்க் கொடுக்கிறீர்கள். போர்வெல் வண்டி வருவதற்கு முன்னால் அந்தப் படத்தை என் வரப்பில் நின்று விளக்கிச் சொல்ல ஆள் யார்?

பாலக்கோடு ஆசிரியர்:
அது வேளாண் துறை செய்ய வேண்டிய வேலை. இஸ்ரோ மேல் போடாதீர்கள்.