பச்சை இகுவானா குட்டி வாங்கலாமா?

கேட்டவர், களுவாஞ்சிகுடி:
மீனும் லவ் பேர்ட்ஸும் வளர்த்திருக்கிறேன், ஊர்வன இதுதான் முதல் தடவை. ஓணான் சாயலில் இருக்கும் வெளிநாட்டு ஊர்வனவான பச்சை இகுவானாவில், ஒரு சாண் நீளத்தில் குட்டி ஒன்று தருவதாகச் சொல்கிறார்கள். ஆறடி வரைக்கும் வளருமாமே, புதிய ஆளுக்குச் சரிப்பட்டு வருமா? வளர்த்தவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லடியிலிருந்து:
தம்பி, கத்தாரில் நான் தோட்ட வேலை செய்த வீட்டில் ஒன்று இருந்தது. அந்த வீட்டுப் பொடியன் ஆசைப்பட்டு வாங்கியது, கடைசியில் என் தலையில்தான் விழுந்தது. அவனுக்கு ஆசை விட்டுப்போனதற்கு வேறு காரணமே இல்லை. அது வளர்ந்துவிட்டது. குட்டியாக இருக்கும்போது தோளில் ஏறி இருக்கும், படம் எடுக்க வடிவாக இருக்கும். நான்கைந்து வருடம் போனால் வாலோடு ஐந்தடி. மீன்தொட்டியும் காணாது, கோழிக்கூடும் காணாது. ஆள் உயரத்துக்கு மேலே, ஏறிப் படுக்கக் கிளையெல்லாம் வைத்து ஒரு கூடு அடிக்க வேண்டும். நல்லபடியாகப் பார்த்தால் 15, 20 வருடம் உயிரோடு இருக்கும். நீங்கள் கலியாணம் கட்டி, வெளிநாடு போனால் அம்மாவா அதற்கு இலை வெட்டிப் போடுவது?

சாப்பாடு நம்மூரில் பெரிய பாடில்லை. முருங்கை இலை, செவ்வரத்தம் பூ, இலை, இடைக்கிடை பப்பாசி. முட்டை, இறைச்சி வேண்டாம், சிறுநீரகம் பழுதாகும். பசளிக் கீரையையும் அடிக்கடி போடாதீர்கள், கல்சியத்தை உடம்பில் சேரவிடாது.

கஷ்டம் வெயிலில்தான். புற ஊதாக் கதிர் படாவிட்டால் எலும்பு மென்மையாகி, தாடை வீங்கி, கால் வளைந்துவிடும். யன்னல் கண்ணாடிக்குள்ளால் வரும் வெயில் கணக்கில்லை, அந்தக் கதிரைக் கண்ணாடி மறித்துவிடும். அங்கே ஏசி அறை என்பதால் அதற்கென்று தனி பல்ப் போட்டிருந்தார்கள். பல்ப் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஆறு மாதம், ஒரு வருடத்தில் கதிர் குறைந்துவிடும், பார்த்தால் தெரியாது. மட்டக்களப்பில் வெளியே கூடு அடித்தால் வெயிலுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் மார்கழி மழை விடாமல் அடிக்கிற நாட்களில் என்ன செய்யப் போகிறீர்கள்? உடம்பில் சூடு ஏறாவிட்டால் தின்றது செமிக்காது.

குணம் பற்றியும் சொல்ல வேண்டும். மேலிருந்து கையைக் கொண்டுபோகக் கூடாது. தலை உச்சியில் மங்கலாக ஒரு மூன்றாவது கண் இருக்கிறது, அதில் நிழல் விழுந்தால் பருந்துதான் வருகிறது என்று திமிறும். உடம்பைத் தட்டையாக்கி, தாடைத் தோலைத் தொங்கவிட்டு, தலையை ஆட்டினால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர்ச் சட்டி மாற்றப் போன எனக்கு வாலால் போட்டது ஒரு அடி, வாத்தியாரின் பிரம்படி மாதிரி கெண்டைக்காலில் சிவந்து தடித்துவிட்டது. கடுவன் என்றால் இணைசேரும் காலத்தில் சோறு வைத்த ஆளையே விரட்டும். கூட்டுக் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்து வருத்தம் என்று வீட்டுக்காரர் பயந்தே போனார்கள். அது வேறொன்றுமில்லை, மூக்கால் தும்மித் தள்ளுகிற உப்பு.

தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், வயிற்றோட்டம் தரும் சல்மோனெல்லா கிருமி இருக்கும். அதன் சட்டியைக் குசினியில் கழுவவே கூடாது. இங்கே மிருக வைத்தியர் அனேகமாக மாடு, ஆடு, நாய் பார்ப்பவர். ஊர்வன பார்த்துப் பழகியவர் வேண்டுமென்றால் மகியங்கனை தாண்டிப் பேராதனைப் பக்கம் போக வேண்டி வரலாம். என்னைக் கேட்டால் முதல் பிராணியாக இது வேண்டாம்.

அக்கரைப்பற்றிலிருந்து:
நானா சொன்னதற்கு முந்தி ஒன்று இருக்கு தம்பி. வெளிநாட்டு ஊர்வன கொண்டுவர அனுமதி எடுக்க வேண்டும். விற்கிறவரிடம் கடதாசியைக் கேளுங்கள், இல்லையென்றால் அதோடு கதை முடிந்தது. அப்ப உள்ளூரில் பிடிப்போம் என்றும் நினைக்காதீர்கள். உடும்பு, கபரக்கொய்யா (நீர் உடும்பு) இரண்டுமே 1937ஆம் ஆண்டுத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. என் மருமகன் வயல் வாய்க்காலில் ஒரு குட்டியைப் பிடித்துவந்து ‘உடும்பு, மாமா! வளர்ப்போம்’ என்றான். கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளி, மூக்குத் துவாரம் வட்டமாக மூக்கு நுனிக்குக் கிட்ட. உடும்புக்கு அது கீறல் மாதிரி, கண்ணுக்கும் நுனிக்கும் நடுவில் இருக்கும். இது கபரக்கொய்யா. கண்டியில் இதே இனத்தில் 3.21 மீற்றர் அளந்திருக்கிறார்கள் என்றேன், பொடியன் வாயைப் பிளந்தான். பின்னேரமே அதே வாய்க்காலில் கொண்டுபோய் விட்டுவிட்டோம்.

கேட்டவர்:
கடதாசி கேட்டேன். “அதெல்லாம் ஆர் கேட்கப் போறான்” என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு கேள்வி: லெபர்ட் கெக்கோ என்கிற புள்ளிப் பல்லி சின்னதுதானே, அதற்கும் அனுமதி வேண்டுமா?

கல்லடியிலிருந்து:
ஓம் தம்பி, அதுவும் வெளிநாட்டு ஊர்வனதானே. ஆனால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடத்தான் வளரும், அறை ஒதுக்கத் தேவையில்லை. கடதாசியோடு கிடைத்தால் சொல்லுங்கள், கூடு அடிக்க வருகிறேன்.