புது 56 டிகிரி வெட்ஜ்: பந்து க்ரீனில் நிற்கவில்லை, காய்ந்த தரையில் தின் ஆகிறது. உதவி தேவை

புதுவெட்ஜ்_56

வணக்கம். சென்னையில் கோல்ஃப் ஆடுகிறேன். வலக்கை, ஹேண்டிகேப் 18. ஐயர்ன் செட்டோடு வந்த பிட்சிங் வெட்ஜின் (வெட்ஜ் என்பது குறுந்தூரத்துக்குப் பந்தை உயர எழுப்பும் கிளப்) லாஃப்ட், அதாவது முகம் பின்சாயும் கோணம், 43 டிகிரி. அதற்கு அடுத்து இரண்டு புது வெட்ஜ் சேர்த்திருக்கிறேன். ஒன்று 56 டிகிரி, பவுன்ஸ் (அடிப்பாகம் முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும் கோணம்) 14, சோல் (அடிப்பாகம்) நல்ல அகலம். இன்னொன்று 60 டிகிரி, பவுன்ஸ் 8. இரண்டுமே முகத்தில் பூச்சு இல்லாத ரா ஃபினிஷ்.

30, 40 யார்டு பிட்ச் (குறுகிய உயர அடி) அடித்தால் பந்து உயரமாகத்தான் எழும்புகிறது. ஆனால் க்ரீனில் (குழி இருக்கும் வழவழப்பான புல்திடல்) விழுந்து எட்டு, பத்து யார்டு ஓடிவிடுகிறது. க்ரூவ் (முகத்தில் வெட்டிய பள்ளக்கோடு) தேய்ந்த பழைய வெட்ஜிலும் இதே ஓட்டம்தான், புதுசுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. அடுத்தது, ஃபேர்வே (வெட்டிய புல்பாதை) காய்ந்து இறுகியிருந்தால் 56 தரையில் பட்டுத் துள்ளிப் பந்தின் நடுவில் அடிக்கிறது, அதாவது தின் ஆகிறது, பந்து க்ரீனைத் தாண்டிப் பறக்கிறது. பங்கரில் (மணல்குழி) மட்டும் இதே வெட்ஜ் அருமையாக வேலை செய்கிறது.

தூரத்திலும் ஓட்டை இருக்கிறது. முழு வீச்சில் பிட்சிங் வெட்ஜ் 115 யார்டு கேரி (தரையில் விழும்வரை பறக்கும் தூரம்), 56 வெறும் 78. நடுவில் 95, 100 வந்தால் எடுக்க கிளப் இல்லை. முழு வீச்சில் 56 இடப்பக்கமும் போகிறது. வெட்ஜை மாற்றுவதா, இல்லை வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

நாலாம்_இரும்பு

மாற்றுவதை அப்புறம் பேசலாம் நண்பரே. நான்கு விஷயம் தெரியாமல் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. எந்தப் பந்து? பிட்ச் அடிக்கும்போது பனி ஈரம் இருந்ததா? ஐயர்னில் என்ன ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு), வெட்ஜில் என்ன ஷாஃப்ட்? இந்தக் கேரி அளவெல்லாம் ரேஞ்ச் பந்தில் (பயிற்சித் திடல் பந்து) எடுத்ததா, ஆடும் பந்தில் எடுத்ததா?

புதுவெட்ஜ்_56

பந்து டூ பீஸ், அயனோமர் மேலுறை. ஆடுவது காலை ஆறரைக்கு, இந்த மாதங்களில் நல்ல பனி. ஐயர்னில் 65 கிராம் கிராஃபைட், ரெகுலர். வெட்ஜில் ஸ்டீல், ஏறக்குறைய 130 கிராம். கேரி அளவு ஆடும் பந்திலேயே லேசர் வைத்து எடுத்தது.

நாலாம்_இரும்பு

அப்படியானால் முதல் தொல்லைக்கு வெட்ஜைக் குறை சொல்ல வேண்டாம். காரணம் பந்தும் ஈரமும்.

அயனோமர் உறை கடினம். பிட்ச் வேகத்தில் அது முகத்தைப் பற்றிக்கொள்ளாமல் வழுக்கி மேலே ஏறிவிடும். யூரிதேன் உறை மென்மை. முகத்தின் நுண்ணிய சொரசொரப்பிலும் க்ரூவ் விளிம்பிலும் அது பதிந்து சுழற்சி எடுக்கும். ப்ரோ வி1, ஸ்ரிக்ஸன் இசட்-ஸ்டார் எல்லாம் யூரிதேன். டைட்லிஸ்ட் வெலாசிட்டி, பினாக்கிள் போன்றவை அயனோமர். டிரைவரில் இந்த இரண்டு வகைக்கும் சுழற்சி அவ்வளவாக வேறுபடாது. 30 யார்டு பிட்சில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஈரம் இன்னும் மோசம். பந்துக்கும் முகத்துக்கும் நடுவில் நீர்ப்படலம் புகுந்தால் உராய்வு குறையும். உராய்வு குறைந்தால் பந்து அதிக உயரத்தில் கிளம்பும், குறைந்த சுழற்சியோடு கிளம்பும். "உயரமாகப் போகிறது, ஆனால் ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே இதன் அடையாளம். நல்ல தொடர்பு கிடைத்த பிட்ச் தாழ்வாகக் கிளம்பி, இரண்டாவது துள்ளலில் பிரேக் போட்டாற்போல நிற்கும்.

க்ரூவ் என்ன செய்கிறது என்பதிலும் பலருக்குக் குழப்பம். க்ரூவ் பந்தைக் கடித்துச் சுழற்றுவதில்லை. டயரின் பள்ளம் மழைநீரை ஒதுக்குகிற மாதிரி, புல்லின் சாற்றையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு முகத்தை உலர்வாக வைப்பதே அதன் முதல் வேலை. காய்ந்த முகம், காய்ந்த பந்து, சுத்தமான தரை என்றால், க்ரூவ் ஓரளவு தேய்ந்த வெட்ஜும் நன்றாகவே நிற்கும். ரஃபிலும் (நீண்ட புல்) பனியிலும் மட்டும் புது க்ரூவ் முன்னால் நிற்கும். அங்கேயும் முழு ஈரத்தை எந்த க்ரூவாலும் ஒதுக்க முடியாது. 2010 முதல் தயாரான, 25 டிகிரியும் அதற்கு மேலும் லாஃப்ட் உள்ள கிளப்புகளுக்கு க்ரூவின் கொள்ளளவிலும் விளிம்பின் கூர்மையிலும் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏவும் யூ.எஸ்.ஜி.ஏவும் வரம்பு வைத்துவிட்டன. எல்லா நிறுவனமும் அந்த வரம்பை ஒட்டித்தான் வெட்டுகின்றன. அதனால் "எங்கள் புது க்ரூவ்" என்ற விளம்பரத்தை வைத்து மட்டும் வெட்ஜ் வாங்காதீர்கள்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. வெயில் ஏறிப் புல் காய்ந்த பிறகு, 30 யார்டில் ஒரு துண்டை விரித்து அதில் விழுமாறு அடியுங்கள். அயனோமர் ஐந்து, யூரிதேன் ஐந்து, மாற்றி மாற்றி. துண்டில் விழுந்ததை மட்டும் கணக்கில் எடுத்து, விழுந்த இடத்திலிருந்து நின்ற இடம் வரை காலடி எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்ப்ரே பாட்டிலால் முகத்தையும் பந்தையும் நனைத்து அதையே திரும்பச் செய்யுங்கள். பழைய வெட்ஜையும் இதே வரிசையில் சேருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், பந்தையும் வெட்ஜையும் சேர்த்து மாற்றினால் ஒன்றும் விளங்காது. ரேஞ்ச் பந்து இந்தச் சோதனைக்கு ஆகாது.

மணல்மேடு

இரண்டாவது தொல்லைக்கு நான் சொல்றேன். 14 பவுன்ஸும் அகல சோலும் சேர்ந்தா, இறுகின தரையில லீடிங் எட்ஜ் (முகத்தோட கீழ் முன்விளிம்பு) பந்துக்கு அடியில போகவே போகாது.

வீட்டுல டைல்ஸ் தரையில 56-ஐ வையுங்க. ஷாஃப்ட் முன்னாலயும் சாயாம பின்னாலயும் சாயாம நேரா நிக்கணும். லீடிங் எட்ஜுக்கும் டைலுக்கும் நடுவுல விசிட்டிங் கார்டை ஒண்ணு ஒண்ணா செருகிக்கிட்டே வாங்க. எத்தனை கார்டு போகுதோ அதுதான் எட்ஜ் நிக்கிற உயரம். அப்படியே 60-ஐயும் வச்சுப் பாருங்க. இப்போ 56-ஓட முகத்தைக் கொஞ்சம் திறங்க, எட்ஜ் இன்னும் மேல ஏறும். இப்போ முகத்தை நேராக்கி, கையை மட்டும் இலக்குப் பக்கம் சாயுங்க, எட்ஜ் கீழ இறங்கும். ஷாஃப்ட் 6 டிகிரி முன்னால சாஞ்சா உங்க 56/14 தரையில 50/8 மாதிரி நடந்துக்கும். லாஃப்ட்டும் பவுன்ஸும் சேர்ந்தே குறையும்.

அதனால காஞ்ச ஃபேர்வேயில 56-ஐத் திறந்து அடிக்கவே கூடாது. பந்து ஸ்டான்ஸுக்கு நடுவுல, முகம் நேரா, எடை முன்னங்கால்ல 60 பங்கு, கை லேசா முன்னால. புல்லோட சாய்வையும் பாருங்க. நம்ம ஊர் ஃபேர்வே பெரும்பாலும் பெர்முடா, அருகம்புல் வகை. புல் உங்களைப் பார்த்துச் சாஞ்சிருந்தா எட்ஜ் மாட்டும், அங்க பவுன்ஸ் இருக்கிறது நல்லது. அந்த இடத்துல 60/8-ஐ எடுத்தீங்கன்னா பந்துக்கு முன்னாடியே குத்திக்கிட்டு நின்னுடும்.

பங்கரைப் பத்தி ஒரு எச்சரிக்கை. இப்போ மணல் பொலபொலன்னு இருக்கு, 14 அருமையாத்தான் இருக்கும். மழை அடிச்சு மணல் படிஞ்சு இறுகினா இதே வெட்ஜ் மணல்ல பட்டு எகிறிப் பந்தைத் தின்னா அடிக்கும். அப்போ 60/8-ஐ முகம் நேரா வச்சு அடிங்க.

கடையில மேட் மேல அடிச்சுப் பார்த்து சோலை எடை போடாதீங்க. மேட்டுல பந்துக்கு ரெண்டு அங்குலம் முன்னாடி பட்டாலும் சோல் வழுக்கிக்கிட்டுப் போய்ப் பந்தை நல்லாவே எடுக்கும். லாஞ்ச் மானிட்டர்ல எண்ணும் அழகா வரும். மண்ணுல அதே அடி ஃபேட், அதாவது பந்துக்கு முன்னாடியே மண்ணுல குத்திடும்.

பட்டறைக்காரர்

தூர ஓட்டையையும் பவுன்ஸ் பிரச்சினையையும் ஒரே வேலையில் கணிசமாகச் சரிசெய்யலாம்.

43-க்கும் 56-க்கும் நடுவில் 13 டிகிரி இடைவெளி. வெட்ஜ்களுக்கு நடுவில் 4 முதல் 6 டிகிரி இருப்பதே சரி. இப்போதைய ஐயர்ன் செட்டுகளில் பிட்சிங் வெட்ஜின் லாஃப்ட்டை 43, 44 வரை குறைத்துவிட்டார்கள், அதனால் 56-ஐ நேராக அடுத்து வைக்கும் பழைய கணக்கு இப்போது உதவாது. 56-ஐ 54 ஆக வளையுங்கள். லாஃப்ட்டை ஒரு டிகிரி குறைத்தால் பவுன்ஸும் ஒரு டிகிரி குறையும், ஆகவே 56/14 என்பது 54/12 ஆகிவிடும். பிறகு 48 டிகிரி ஒன்றை வாங்கி 49-க்கு வளைத்தால் 43, 49, 54, 60 என்று வரிசை அமையும். 14 கிளப் வரம்பு நினைவிருக்கட்டும். கூடுதலாக ஒன்று வந்தால் நீளமான ஹைப்ரிட் அல்லது ஃபேர்வே வுட் ஒன்றை இறக்க வேண்டும்.

வளைப்பதற்கு முன் தலை என்ன உலோகம் என்று கேளுங்கள். 8620 கார்பன் ஸ்டீல், ஃபோர்ஜ் செய்த 1025 போன்றவை 2 டிகிரி வரை சிரமமில்லாமல் வளையும். 17-4 ஸ்டெயின்லெஸ் கடினம், ஹோசல் (ஷாஃப்ட் நுழையும் கழுத்து) கீறல் விட்டு முறியும் அபாயம் உண்டு, அதை வற்புறுத்தக் கூடாது. உங்களுடையது ரா ஃபினிஷ், துருப்பிடிக்கிறது என்றால் அநேகமாகக் கார்பன் ஸ்டீல்தான். இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

இடப்பக்கம் போவதற்கு லை கோணத்தை (ஷாஃப்ட் தரையோடு சேரும் கோணம்) சந்தேகிக்கிறேன். பந்தின் பின்பக்கம் வொயிட்போர்டு மார்க்கரால் செங்குத்தாகத் தடித்த கோடு போட்டு, அந்தக் கோடு முகத்தைப் பார்க்கும்படி வைத்து முழு வீச்சில் அடியுங்கள். கோடு முகத்தில் பதியும். க்ரூவுக்குச் செங்குத்தாக நின்றால் லை சரி. கோட்டின் மேல்முனை டோ (தலையின் வெளிமுனை) பக்கம் சாய்ந்தால் லை அதிக நிமிர்வு, வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் போகும். ஹீல் (ஷாஃப்டை ஒட்டிய முனை) பக்கம் சாய்ந்தால் அதிகத் தட்டை. லாஃப்ட் கூடக்கூட இந்தப் பிழை பெருக்கமாகும். 56 டிகிரியில் லை 2 டிகிரி தப்பினால் முகம் ஏறக்குறைய 3 டிகிரி இடப்பக்கம் பார்க்கும், 80 யார்டில் அது 4 யார்டு. சோதனை முடிந்ததும் முகத்தைத் துடைத்துவிடுங்கள், ஆட்டத்தின்போது முகத்தில் எதையும் பூசக் கூடாது.

மணல்மேடு

அண்ணா, 54-க்கு வளைக்கிறதுல எனக்கும் சம்மதம்தான். ஆனா 14-லிருந்து 12 ஆனதும் காஞ்ச தரைப் பிரச்சினை தீர்ந்துடும்னு அவர் நம்பிடக் கூடாது. பவுன்ஸ் எண்ணு பாதிக் கதைதான். சோல் அகலம் அப்படியேதான் இருக்கும், ஹீல்ல இழைப்பு இல்லைன்னா முகத்தைத் திறந்ததும் எட்ஜ் எகிறத்தான் செய்யும். வோக்கி வெட்ஜ் வரிசையைப் பாருங்க, எஸ்எம்10-ல 54-லயே 8 எம், 10 எஸ், 12 டி, 14 எஃப்னு நாலு கிரைண்ட் (சோலை இழைச்ச வடிவம்). டி-யில பவுன்ஸ் 12 இருந்தாலும் ஹீலும் டிரெயிலிங் எட்ஜும் (பின்விளிம்பு) இழைச்சிருக்கும், முகத்தைத் திறந்தாலும் தாழ்வா உட்காரும். இவரோட முழு சோலை 12-க்கு வளைச்சா அது டி ஆகிடாது.

பட்டறைக்காரர்

சரியாகச் சொன்னீர்கள். முகத்தை நேராக வைத்து அடிக்கும் அடிகளுக்குத்தான் வளைப்பு உதவும். திறந்து அடிக்கும் வேலையை 60-க்கு விட்டுவிடலாம். முழு சோல் உள்ள வெட்ஜை முழு வீச்சுக்கும் பங்கருக்கும் வைத்துக்கொள்வது நல்ல பங்கீடு.

ஷாஃப்ட் எடையையும் கவனியுங்கள். 65 கிராமிலிருந்து ஒரே தாவில் 130 என்பது பெரிய மாற்றம். சிப், பிட்சில் தெரியாது, முழு வீச்சில் நேரம் தப்பும். ஐயர்னைவிட 20, 30 கிராம் கூடுதலாக இருப்பது நல்லது. 49 புதிதாக வாங்கும்போது 90 கிராம் வாக்கில் ஸ்டீலோ கனமான கிராஃபைட்டோ போடச் சொல்லுங்கள்.

புதுவெட்ஜ்_56

எல்லோருக்கும் நன்றி. துண்டு வைத்துப் பார்த்தேன். காய்ந்த நிலையில் யூரிதேன் மூன்று காலடியில் நின்றது, அயனோமர் ஏழெட்டு காலடி ஓடியது. நனைத்ததும் இரண்டுமே ஓடின, யூரிதேன் கொஞ்சம் குறைவாக. பழைய வெட்ஜ் காய்ந்த நிலையில் புதுசுக்கு ஈடாகத்தான் இருந்தது, நனைத்த பிறகுதான் பின்தங்கியது. மார்க்கர் கோடு டோ பக்கம் சாய்ந்திருக்கிறது. வெட்ஜை எடுத்துக்கொண்டு போகிறேன், என்ன சொல்லி வளைக்கச் சொல்வது? முகத்தில் துரு வேறு வருகிறது, அதைச் சுரண்டலாமா? க்ரூவைக் கூர்மையாக்கும் கருவி ஒன்று விற்கிறார்களே, அது வேண்டுமா?

நாலாம்_இரும்பு

கூர்மையாக்கும் கருவியை வாங்கவே வாங்காதீர்கள். சாதாரண ஆட்டத்தில் தேய்ந்தால் கிளப் விதிக்கு உட்பட்டதாகவே இருக்கும். வேண்டுமென்று சுரண்டி க்ரூவ் வரம்பைத் தாண்டிவிட்டால் அது விதிமீறிய கிளப், போட்டியில் அதால் ஒரு அடி அடித்தாலே தகுதிநீக்கம். சுரண்டும்போது விளிம்புதான் கெடும், பலன் எதுவும் இருக்காது.

ரா முகத்தில் துரு வரத்தான் செய்யும், சென்னைக் கடற்காற்றில் சீக்கிரமே வரும். அதனால் சுழற்சி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அழகுக்காகக் குறைக்க வேண்டுமானால் ஆட்டம் முடிந்ததும் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டைத் துணியில் தேய்த்துப் பூசி வையுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். க்ரூவுக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷும் போதும், ஒட்டிக் காய்ந்த மண்ணை மர டீயின் முனையால் எடுங்கள். பனிக் காலையில் ஒவ்வொரு அடிக்கு முன்பும் முகத்தை உலர்ந்த துண்டால் துடையுங்கள். பந்தைத் துடைக்க முடியாது, ஃபேர்வேயில் கிடப்பதை எடுத்துத் துடைக்கக் கூடாது. ஆகவே ஏழு மணிக்கு முன் அடிக்கும் பிட்சுக்கு எந்தப் பந்தானாலும் ஓட்டத்தைச் சேர்த்தே கணக்குப் போட்டு, க்ரீனின் முன்விளிம்பில் இறக்குங்கள்.

பட்டறைக்காரர்

முதலில் மூன்று வெட்ஜையும், பிட்சிங் வெட்ஜ் உட்பட, லாஃப்ட்-லை மெஷினில் அளக்கச் சொல்லுங்கள். தலையில் 56 என்று பொறித்திருந்தாலும் உள்ளே 55-ஓ 57-ஓ இருக்கலாம், ஒரு டிகிரி ஏற்ற இறக்கம் சகஜம். அளந்த எண்ணை வைத்துத்தான் எவ்வளவு வளைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். உண்மையில் 55 என்று காட்டினால் ஒரு டிகிரி வளைத்தாலே 54 வந்துவிடும், ஆனால் பவுன்ஸ் குறைவதும் அந்த ஒரு டிகிரிதான்.

லாஃப்ட்டை வளைத்த பிறகு லையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றை வளைக்கும்போது இன்னொன்று நகரும். லையை ஒரே மூச்சில் 2 டிகிரி தட்டையாக்க வேண்டாம். ஒரு டிகிரி செய்து, மார்க்கர் கோட்டைத் திரும்பப் பார்த்து, அப்புறம் மீதி. கோடு லேசாகச் சாய்ந்து பந்து நேராகப் போகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வளைத்த எண்களை ஹோசலுக்கு மேல் ஷாஃப்டில் ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டி வையுங்கள், மென்மையான தலை இறுகின தரையில் அடிபட்டு மெல்ல நகரும். அடுத்த வருடம் அளக்கும்போது எவ்வளவு நகர்ந்தது என்று அதை வைத்துத்தான் தெரியும்.